சமாளிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு வருடம்

2022 அக்டோபரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 79. வலது கையிலும் வலது காலிலும் இயக்கம் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மூன்று வாரத்தில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அடுத்த ஒரு வருடம், யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "சமாளிக்கிறோம்."

கோயிலில் கேட்டவர்களுக்கும் அலுவலகத்தில் கேட்டவர்களுக்கும் அதைத்தான் சொன்னேன். பலதுறை மருந்தகத்தில் தாதி கேட்டபோதும் அதே பதில். மூத்தோரை வீடு தேடி வந்து விசாரிக்கும் மூத்த தலைமுறை அலுவலகத்திலிருந்து ஒரு தொண்டூழியர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டி வைத்தேன். ஒரு வருடம் அது அங்கேயே இருந்தது.

நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகன் அப்போது தேசிய சேவையில் இருந்தான், வார இறுதியில்தான் வருவான். அண்ணன் குடும்பம் ஜூரோங் வெஸ்ட்டில். அண்ணன் மாதா மாதம் பணம் அனுப்புவார், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அம்மாவைக் கழிவறைக்கு அழைத்துப் போய், குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, கஞ்சி ஊட்டி, மதிய உணவை டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, எட்டு மணிக்கு உட்லண்ட்ஸில் அலுவலகத்தில் இருப்பேன். மதியம் எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார். மாலை ஆறரைக்கு நான் வந்துவிடுவேன். இரவில் இரண்டு முறை, சில நாள் நான்கு முறை எழுந்திருக்க வேண்டும்.

இதற்குப் பெயர் சமாளிப்பது என்றுதான் நினைத்தேன். என் அம்மா அவருடைய மாமியாரை அப்படித்தான் பார்த்துக்கொண்டார். 1962-இல் ரஜூலா கப்பலில் வந்து இறங்கி, செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் ஓர் அறையில் குடித்தனம் நடத்தி, பிள்ளைகளையும் வளர்த்து, படுக்கையில் கிடந்த பாட்டியையும் பார்த்தார். ஆனால் அங்கே பக்கத்து வீடுகளில் பகல் முழுக்கப் பெண்கள் இருந்தார்கள். கதவு திறந்தே கிடக்கும். பாட்டி கூப்பிட்டால் யாராவது ஒருவர் போய்விடுவார்கள். ஒன்பதாவது மாடியில், பகலில் ஆளில்லாத வீட்டில் அந்த ஏற்பாடு எப்படி நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா செய்ததை நானும் செய்யாவிட்டால் அது மகள் செய்கிற காரியமா என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

2023 ஆகஸ்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டையும் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

முதலாவது, மறதிக்கான பரிசோதனை. அம்மா பெயர்களை மாற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார், அடுப்பை ஒரு முறை அணைக்க மறந்துவிட்டார். அதனால் ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனேன். இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, அம்மா பதில் சொன்னார். "இன்று என்ன தேதி?" என்ற கேள்விக்கு அம்மா யோசிக்காமல், "ஆடி இருபத்திரண்டு. பதினெட்டாம் பெருக்கு முடிஞ்சு நாலு நாள் ஆச்சு" என்றார். அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். "தமிழ் மாதத்தைச் சொல்கிறார்" என்று மட்டும் சொன்னேன். அவர் தாளில் தவறு என்று குறித்துக்கொண்டார். அன்று ஆகஸ்ட் 7. வீட்டுக்கு வந்து சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்தேன். ஆடி 22. அம்மா சொன்னது முழுக்கச் சரி. அறுபது வருடமாக அம்மா நாளைக் கணக்கிடுவது அப்படித்தான். அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, உடல் இயலாமை மதிப்பீடு. வீட்டில் பராமரிப்பதற்கான மானியம் ஒன்று இருக்கிறது, அப்போது மாதம் 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுத்தார்கள். முன்னோடித் தலைமுறையினருக்கு, அதாவது 1949 முடிவதற்குள் பிறந்து 1986 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர்களுக்கு, மாதம் 100 வெள்ளி தரும் தனித் திட்டமும் உண்டு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறையைப் பயன்படுத்துவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஆறு காரியங்கள். அவற்றில் குறைந்தது மூன்றில், எப்போதும் இன்னொருவர் துணை தேவைப்பட வேண்டும்.

மதிப்பிட வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிவிடச் சொன்னார். தலையைப் படிய வாரி, பொட்டு வைத்து, கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டதும், இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரே மூச்சில் எழுந்து நின்றார். (அவர்கள் போன பிறகு சாயங்காலம் வரை தூங்கினார்.) குளிப்பது எப்படி என்று கேட்டார்கள். "நானேதான் குளிப்பேன், மக கொஞ்சம் கையைப் பிடிப்பா" என்றார். நான் அதை மொழிபெயர்த்தபோது என் வாயில் வந்த ஆங்கிலம், "ஷி கேன் மேனேஜ்." அம்மா முன்னால், அவரால் முடியாது என்று வேறொருவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. இரண்டு காரியங்களில் மட்டுமே துணை தேவை என்று முடிவு வந்தது. தகுதி இல்லை.

நவம்பரில் ஒரு மதியம் அம்மா குளியலறையில் விழுந்தார். எதிர்வீட்டு அம்மா வந்து பார்க்கும்போது அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இடுப்பு எலும்பு தப்பித்தது, நெற்றியில் தையல். வார்டில் மூன்றாம் நாள் ஒரு மருத்துவச் சமூகப் பணியாளர் வந்து என்னை வெளியே அழைத்துப் பேசினார். எனக்கு உள்ளூர நடுக்கம். சமூகப் பணியாளர் வந்தால் தாதிமை இல்லத்தைப் பற்றிப் பேசத்தான் வருகிறார் என்பது நம்மவர்களிடம் ஊறிப்போன எண்ணம். அம்மாவும் அதையேதான் நினைத்திருக்கிறார். அன்று இரவு, "என்னை எங்கேயும் கொண்டுபோய் விட்டுடாதேம்மா" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சமூகப் பணியாளர் தாதிமை இல்லத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வீடு திரும்பிய பிறகு ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் வந்து பார்க்க ஏற்பாடு செய்தார், அவ்வளவுதான்.

வந்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. என் வயது இருக்கும். இருபது வருடம் தாதியாக வேலை பார்த்தவர். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நேரே அம்மாவிடம் போய், "சுடா மாக்கான், மக்சிக்?" என்றார். சாப்பிட்டாச்சா அம்மா என்று. அம்மா நிமிர்ந்து பார்த்தார். கடற்படைத் தளத்தில் மலாய்க்காரர்களோடு பழகிய பேச்சு அது, சந்தை மலாய். ஆங்கிலம் அம்மாவுக்கு வராது, மலாய் வரும். நானும் அதை மறந்திருந்தேன், எந்த மருத்துவமனைப் படிவமும் அதைக் கேட்கவில்லை. இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். என்னிடம் ஒரு வருடமாகச் சொல்லாததை அம்மா அவரிடம் மலாயில் சொல்லிவிட்டார். குளிப்பாட்டும்போது கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கிறது, மருமகன் கூடத்தில் இருக்கிறார், "மாலு" என்றார். வெட்கமாக இருக்கிறது என்று. இரவில் என்னை எழுப்பக் கூடாது என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதையும் சொன்னார். மருந்தெல்லாம் சரியாகக் கொடுத்தும் அவருக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஏன் வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அப்புறம் அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று எல்லாரும் கேட்பதுபோல அவர் கேட்கவில்லை. "நேற்று காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். நாலரை மணியில் ஆரம்பித்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். குளியலில் எந்தக் கட்டத்தில் கை கொடுக்கிறேன், முதுகைத் தேய்ப்பது யார், சேலைக்குப் பதில் நைட்டிக்கு மாறியது எப்போது, ஏன் என்று இடையில் கேட்டார். ஒரு நாளைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முடித்ததும், "நீங்கள் கடைசியாகப் பல் மருத்துவரிடம் போனது எப்போது?" என்று கேட்டார். கடைவாய்ப் பல் ஒன்று ஏழு மாதமாக வலித்துக்கொண்டிருந்தது. அவரிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. நான் இடது பக்கம் மட்டும் வைத்துத் தேநீர் குடித்ததைப் பார்த்திருக்கிறார்.

அழுதுவிட்டேன். அவர் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எதுவும் அதிசயம் இல்லை. எல்லாமே ஏற்கெனவே இந்த ஊரில் இருப்பவைதான். எது எங்கே இருக்கிறது, எதை முதலில் செய்ய வேண்டும், எதற்கு எந்த அறிக்கை தேவை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. முதலில் செயல்முறைச் சிகிச்சையாளர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார். குளியலறையில் எங்கே கைப்பிடி வேண்டும் என்று அம்மாவின் உயரத்துக்கு அளந்து குறித்தார் அவர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மூத்தோருக்காகக் கைப்பிடிகள், வழுக்காத தரை, சாய்தளம் ஆகியவற்றை மானிய விலையில் செய்து தரும் 'ஈஸ்' திட்டம் 2012 முதல் இருக்கிறது. அதன் பெயரே எனக்கு அன்றுதான் தெரிந்தது. குளிப்பதற்கு உட்காரும் நாற்காலியும் கமோட் நாற்காலியும் மூத்தோருக்கான சாதன மானியத்தில் வந்தன. அந்தச் சிகிச்சையாளர் இன்னொன்றையும் கவனித்தார். அம்மா விளக்கேற்றும்போது தரையில் உட்கார முயல்கிறார், எழும்போதுதான் தடுமாறுகிறார். சாமி மாடத்தை ஒன்றரை அடி உயர்த்தி, முன்னால் கை வைத்த நாற்காலி ஒன்றைப் போடச் சொன்னார். "இனிமேல் விளக்கேற்ற வேண்டாம்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மதிப்பீட்டை மறுபடி செய்தோம். இந்த முறை அம்மாவின் ஒரு நாளை எழுதிய தாள் என் கையில் இருந்தது. அம்மாவின் மானமும் கெடக் கூடாது என்பதால், முதலில் அம்மாவிடம் பேசிவிட்டு, பிறகு என்னிடம் தனியாகக் கேட்கும்படி ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஆறில் நான்கு. மானியம் கிடைத்தது. மறதிப் பரிசோதனையையும் தமிழ் பேசும் தாதி ஒருவரைக் கொண்டு செய்தார்கள். அம்மாவுக்கு மறதிநோய் இருப்பது உண்மைதான், ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு முற்றவில்லை. ஆரம்ப நிலை.

'ஆரம்ப நிலை' என்ற அந்த இரண்டு சொற்களால்தான் இன்னொரு முக்கியமான காரியம் முடிந்தது. சிங்கப்பூரில் 2010-இல் நடப்புக்கு வந்த மனநலத் திறன் சட்டத்தின்கீழ், ஒருவர் தன் புத்தி தெளிவாக இருக்கும்போதே, பிற்காலத்தில் தனக்காக முடிவெடுக்க வேண்டியவர்களை எழுதி வைக்கலாம். எல்.பி.ஏ. என்று சொல்கிறோமே, அந்தப் பத்திரம். காலம் தாழ்த்தி, அந்தத் திறன் போய்விட்டால் பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அதிகாரம் வாங்க வேண்டும். பெற்ற பிள்ளை என்பதாலேயே தாயின் வங்கிக் கணக்கைக் கையாளும் உரிமை வந்துவிடாது. இது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. மறதிநோய் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைத்துவிடுகிறோம். அதுவும் தவறு. அந்தக் குறிப்பிட்ட முடிவைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

சான்றளிக்கத் தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டதற்கு அம்மா சொன்னாராம்: "காசு பணத்தை மகன் பாக்கட்டும். என் உடம்பை மக பாக்கட்டும்." அந்தப் பத்திரத்திலும் அப்படியே இரண்டு பிரிவுகள்தான் இருக்கின்றன, சொத்து விவகாரம் ஒன்று, தனிப்பட்ட நலன் இன்னொன்று. அதற்கு முன் அம்மாவுக்குப் படிவம் எதையும் யாரும் படித்துக் காட்டியிருக்கவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருடம் அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அவருக்கும் என்மேல் வருத்தம் இருந்திருக்கிறது, எதையும் தன்னிடம் சொல்வதில்லை என்று. ஒருங்கிணைப்பாளர் எங்கள் இருவரையும், அண்ணியையும், என் கணவரையும் ஒரு சனிக்கிழமை உட்கார வைத்தார். என் நாளை எழுதிய அதே தாளை மேசையில் வைத்து, "இதில் உங்களால் எதை எடுத்துக்கொள்ள முடியும்?" என்று அண்ணனிடம் கேட்டார். நான் கேட்டிருந்தால் அது சண்டையில் முடிந்திருக்கும். அண்ணன் வெகு நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருத்துவமனைச் சந்திப்புகள் எல்லாவற்றையும், எல்லாப் படிவங்களையும், கட்டணங்களையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். இரண்டாவது சனிக்கிழமை இரவுகளில் அம்மா பக்கத்தில் படுக்க வருவதாகவும் சொன்னார். இன்றுவரை ஒரு முறைகூடத் தவறவில்லை. அண்ணி மாதம் ஒரு முறை அம்மாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட வருகிறார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அம்மா பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறார், காலையில் வண்டி வந்து அழைத்துப் போகிறது. நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நாள் ஆனது. முதலில் பார்த்த இடத்தில் எல்லாரும் அன்பாக இருந்தார்கள், ஆனால் பாட்டு, விளையாட்டு, பேச்சு எல்லாம் சீனத்தில். அம்மா ஓர் ஓரமாகச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "தமிழ் பேசும் ஊழியர் ஒருவராவது இருக்கிற இடம்" என்று நிபந்தனை எழுதினார் ஒருங்கிணைப்பாளர். கிடைக்க ஆறு வாரம் ஆனது. அங்கே காலையில் ஒலி 96.8 வைக்கிறார்கள். மற்ற இரண்டு நாள் காலையில் வீட்டுக்கே ஒரு பராமரிப்பு ஊழியர் வந்து குளிப்பாட்டி விடுகிறார், கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் மானியம் கணக்கிடுகிறார்கள் என்பதால் எங்கள் செலவைச் சொல்வது உங்களுக்கு உதவாது. உங்கள் கணக்கு வேறாக இருக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பெற்றோர் மருத்துவமனையில் இருந்தால், வார்டை விட்டு வருவதற்குள் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் இருந்தால், ஏ.ஐ.சி. எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 என்ற எண்ணை அழையுங்கள். காசு வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்துதரும் தனியார் நிறுவனங்களும் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு அது பொருந்தலாம். எங்களுக்குத் தேவைப்படவில்லை. யாரிடம் போனாலும், போவதற்கு முன் உங்கள் ஒரு நாளைத் தாளில் எழுதுங்கள், இரவையும் சேர்த்து.

போன வருடம் அம்மாவோடு உட்கார்ந்து, கடைசிக் காலத்தில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதையும் பேசி எழுதினோம். அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்தார். அபசகுனமாகப் பேசுவதாக அம்மா கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "மூக்குல குழாய் வேணாம். விளக்கு தெரியற எடத்துல படுக்க வை." கூடத்தில் எந்த இடத்தில் கட்டிலைப் போட்டால் மாடத்து விளக்கு தெரியும் என்று அன்று மாலையே நானும் மகனும் அளந்து பார்த்தோம். சன்னலை ஒட்டிய சுவர்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மா நிலையத்துக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை.

இந்த மாதம் அம்மா மறுபடி இரவில் எழ ஆரம்பித்திருக்கிறார். மூன்று மணிக்கு எழுந்து, அப்பா வேலை முடிந்து வரும் நேரம் என்று கதவைத் திறக்கப் பார்க்கிறார். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. வியாழக்கிழமை ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைப்பார். நேரம், எத்தனை முறை, அம்மா என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், மறுநாள் அலுவலகத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று ஐந்து இரவுகளை எழுதி வைத்திருக்கிறேன். தாள் குளிர்பதனப் பெட்டியின் மேல், அதே காந்தத்தில் இருக்கிறது.